உக்கிரபாண்டி இல்லாத பத்தாயிரம் சீசன்

கோவில்பட்டியில் பனி ஹாக்கி ஆடுகிறார்கள் என்றால் 2063லும் வெளியூர்க்காரர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சுற்றுவட்டாரக் கரிசல் முழுக்கச் சூரியத் தகடுகளைப் பரப்பியாகிவிட்டது. உச்சிவெயிலில் கொட்டுகிற மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லை. சும்மா போகிற கரண்டை என்ன செய்யலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஐஸ் போட்டார். அதனால் வெளியே நாற்பத்து நான்கு டிகிரி கொளுத்தும் பகல் இரண்டு மணிக்கு, ஊர் ஜனம் ஒரு தகரக் கொட்டகைக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பன்னிரண்டு பேர் சறுக்கிச் சறுக்கி ஒரு ரப்பர் வில்லைக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்கிறது. பொழுது சாய்ந்தால் ஐஸ் இளகிவிடும், ஆட்டம் கிடையாது.

ஐஸ் போட்ட அந்த ஒருவர் விஜயரங்கன். 'கரிசல் கிடாக்கள்' அணியின் முதலாளி. அன்று காலை அவர் அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் செண்பகவல்லி. ஜோசியரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

ஜோசியர் ஆள் அல்ல, கணினி. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. வீரர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் பட்டையிலிருந்து ஓட்டம், மூச்சு, இதயத்துடிப்பு எல்லாவற்றையும் உறிஞ்சி, ஒவ்வொருவருக்கும் அச்சு அசலாக ஒரு பொம்மையை அது உள்ளே செய்துவைத்திருக்கிறது. பிறகு ஒரு பொம்மையை மட்டும் தூக்கி வெளியே போட்டுவிட்டு, முழு சீசனையும் பத்தாயிரம் தடவை ஆடிப் பார்க்கும். அந்த ஆள் இல்லாமல் அணி எத்தனை ஆட்டம் கூடவோ குறையவோ ஜெயிக்கிறது என்பதுதான் அந்த ஆளின் மதிப்பு.

இந்த வாரம் தூக்கி வெளியே போடப்பட்டவன் உக்கிரபாண்டி.

"மூணு மேட்ச்சு கூட ஜெயிச்சிருப்போமா? அவன் இல்லாம இருந்திருந்தா?" என்றார் விஜயரங்கன். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

"ஜோசியர் அப்படித்தான் சொல்லுது அண்ணாச்சி."

"பாரு, எட்டு வருசமா ஓட்டையப் போட்டு வச்சிக்கிட்டுப் படகு விட்டிருக்கோம். வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கைய எழுதிக் கையெழுத்துப் போட்டுரும்மா. அவன அனுப்பி வச்சிரலாம்."

பனி ஹாக்கி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்னணி வீரர்கள் மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. முதல் வரிசை கோல் போடும், பத்திரிகையில் படம் வரும். நாலாம் வரிசையை யாரும் படம் எடுப்பதில்லை. மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும்போது களத்தில் குதித்து, ஆட்டம் ஒன்றுக்கு ஆறே நிமிடம், எதிராளிகளைக் களத்தோரச் சுற்றுப்பலகையோடு சேர்த்து முட்டிவிட்டு ஏறி வருவது அதன் வேலை. உக்கிரபாண்டிக்கு வயது முப்பத்து மூன்று, எடை தொண்ணூற்றெட்டு கிலோ. எட்டு சீசனில் நான்கு கோல் போட்டிருக்கிறான், அதில் ஒன்று சொந்த வலைக்குள்.

அனுப்பிவிட்டால் அவன் எங்கே போவான் என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். தகடு துடைக்கப் போவான். மட்டையைப் பிடிப்பதற்கு முன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். துடைப்பதற்கு இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இயந்திரம் ரிப்பேரானால் சரிசெய்ய மூன்று நாள், ஆள் ரிப்பேரானால் அரைமணியில் அடுத்த ஆள், அதனால் ஆள்தான் சௌகரியம் என்று கம்பெனிகள் கண்டுகொண்டுவிட்டன. உக்கிரபாண்டியின் அண்ணன் அப்படித்தான் ஒரு சித்திரை மாதம் தகட்டின் மேலேயே சுருண்டு விழுந்தான். இரண்டு வருடமாகக் கட்டிலை விட்டு எழவில்லை.

அவள் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். ஜோசியர் எங்கோ இடறுகிறது என்று அவளுக்குப் பட்டது.

எங்கே இடறுகிறது என்பது அன்று மத்தியானமே கிடைத்துவிட்டது. கிடாக்களின் நட்சத்திரம் மலர்வேந்தன் அந்த சீசனில் அறுபத்தொரு கோல் போட்டிருந்தான். அதில் முப்பத்தெட்டு, உக்கிரபாண்டி களத்தில் நின்றுவிட்டு ஏறிய இரண்டு நிமிடத்துக்குள் விழுந்தவை. மார்புப்பட்டைகளில் மிரட்சி எண் என்று ஒன்று பதிவாகும். ஆள் வந்து மோதப்போகிறான் என்று தெரிந்ததும் உடம்பு தன்னையறியாமல் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் அளவு. உக்கிரபாண்டி களத்தைச் சுற்றிவிட்டுப் போனால் எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு அது இருபதிலிருந்து அறுபதுக்கு ஏறுகிறது. ஏறியதும் பயத்தில் வில்லையைக் கைமாற்றித் தொலைக்கிறார்கள். அதைப் பொறுக்கிக்கொண்டு போய் மலர்வேந்தன் கோல் போடுகிறான். கோல் போட்டவன் கணக்கில் ஜோசியர் கோலை எழுதுகிறது, பயம் காட்டியவன் கணக்கில் எதையும் எழுதுவதில்லை.

பூரித்துப்போய் முதலாளியிடம் ஓடினாள். அங்கேதான் அவளுக்குப் புத்தி மட்டுப்பட்டுவிட்டது. மலர்வேந்தன் விஜயரங்கனின் கூடப்பிறந்த தங்கை மகன்.

"எம் மருமவன் போட்ட கோலுக்கு அந்தத் தடியன் காரணமா?" விஜயரங்கன் கையிலிருந்த தேநீர் அப்படியே நின்றது. "பயம் காட்டுததுக்கு அவன் எதுக்கு? இன்னும் பலமா முட்டுத ஒரு எளவட்டத்தப் போட்டுட்டுப் போறேன். அவன் முட்டுக்கு என்ன பலம்னு ஒரு நம்பர் எடு. அதுக்கு மேல உள்ள ஆளாப் பிடிச்சிருவோம்."

நம்பர் எடுக்க உட்கார்ந்தாள். கொட்டகை இடிந்து விழாமலிருக்க ஏழு வருடத்துக்கு முன் சுற்றுப்பலகையில் அதிர்வுமானிகள் பதித்திருந்தார்கள்; அந்தப் பதிவைக் கட்டடக்காரர்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அதையும் மார்புப்பட்டைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். உக்கிரபாண்டி முட்டிய ஒவ்வொரு முறையும் பலகை அதிர்ந்தது லாரி மோதிய அளவுக்கு. முட்டு வாங்கியவன் மார்பில் பதிந்திருந்ததோ டவுன் பஸ்ஸில் கண்டக்டர் உரசிவிட்டுப் போகிற அளவு.

ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டாள். படம் போட்டுப் பார்க்கிற அறையின் நிலைப்படியில் தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.

"யக்கா, கூப்பிட்டீயளாமே?"

"எட்டு சீசன்ல நானூத்திப் பன்னெண்டு முட்டு. ஒருத்தனுக்காவது சுளுக்கு விழுந்திருக்கா உக்கிரம்?"

உக்கிரபாண்டி திரையில் ஓடிய இரண்டு கோடுகளையும் பார்த்தான். ஒன்று மலை மாதிரியும் ஒன்று தரை மாதிரியும் இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"ஒருத்தனுக்கு விழுந்துச்சு," என்றான். "மொத சீசன்ல, மதுரைக்கு ஆடுதாம்லா சடையாண்டி, அவனுக்கு. அப்ப நெசமாத்தான் முட்டுவேன். முதுகெலும்புல அடி. நாலு மாசம் படுத்த படுக்க. நாங்க ரெண்டு பேரும் விளையாட்டு ஹாஸ்டல்ல ஒரே தட்டுல தின்னவங்க யக்கா. ஆஸ்பத்திரியில அவனுக்கு ஊட்டிவிட்டதே நாந்தான். அங்க வச்சுதான் பேசி முடிவு பண்ணோம்."

"என்ன முடிவு?"

"முட்டு பலகைக்கு, சத்தம் ஜனத்துக்குன்னு. எட்டு டீம்லயும் எங்கள மாதிரி முட்டுத நாலாம் வரிசக்காரன் பதினோரு பேருதான். எல்லாம் அதே ஹாஸ்டல்தான். சொல்லி வச்சுக்கிட்டோம்."

"மத்தவங்க? உங்கிட்ட முட்டு வாங்குதவனுக்கே தெரியாதா?"

"காதுகிட்ட பலகை வெடிச்சா ஒடம்பு தானா அடிபட்டுட்டோம்னு நெனச்சுக்கிடும். போன மாசம் ஒருத்தன் நொண்டிக்கிட்டே போனான். நான் தொடவே இல்ல." சிரிக்கலாமா வேண்டாமா என்று அவன் முகம் தவித்தது. "ரெப்ரியும் சத்தத்துக்குத்தான் ரெண்டு நிமிசம் வெளிய உக்கார வைக்கான். யக்கா, இத எழுதிராதீய. தெரிஞ்சா ஒருத்தனும் பயப்பட மாட்டான். பயப்படலன்னா எங்க பதினோரு பேருக்கும் என்ன வேல இருக்கு?"

எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். லீக் விதி அப்படி. மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்து விழுந்த அன்றே அது பொதுத்தளத்தில் ஏறியாக வேண்டும். ரசிகனுக்குத் தெரியாத ரகசியம் விளையாட்டில் இருக்கக் கூடாதாம். உண்மையை எழுதினால் சனிக்கிழமைக்குள் உக்கிரபாண்டியின் மதிப்பு பொய்த்துப்போகும். எழுதாவிட்டால் ஜோசியர் சொன்னதே செல்லும். எப்படிப் பார்த்தாலும் அவனுக்குத் தகடுதான்.

புதன்கிழமை முழுக்கச் செண்பகவல்லி தலையைப் பிய்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை குளிக்கும்போது அவளுக்கு அது தோன்றியது. உக்கிரபாண்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றுதானே எல்லோரும் கேட்கிறார்கள்? இல்லாமல் போகிறவன் ஆவியாகவா போகிறான்? வேறு அணி கூப்பிட்டுக்கொண்டால்?

ஈரத்தலையோடு ஓடிவந்து பொம்மைகளுக்கு மிரட்சி எண்ணையும் ஊட்டி, பொம்மை உக்கிரபாண்டிக்கு மதுரைச் சட்டையை மாட்டி, கிடாக்களுக்கு எதிரே இறக்கிவிட்டாள். ஜோசியர் பத்தாயிரம் சீசன் ஆடியது. கிடாக்கள் ஏழு ஆட்டம் கூடுதலாகத் தோற்றார்கள். பொம்மை மலர்வேந்தன் பலகைப் பக்கமே போக மறுத்து, களத்தின் நடுவில் வளைய வந்துகொண்டிருந்தான். பயிற்சியில் எட்டு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவனல்லவா.

அறிக்கையை ஒரே மூச்சில் எழுதினாள். அதன் முக்கியமான பத்தி இது: 'உக்கிரபாண்டி இந்த லீக்கிலேயே மிக அபாயகரமான ஆட்டக்காரர். தம் வலிமையில் பாதியைத்தான் அவர் இதுவரை காட்டியிருக்கிறார். எதிரணிக்குச் சென்றால் நாம் ஏழு ஆட்டங்களை இழப்போம்.' முதல் வரியும் மூன்றாம் வரியும் ஜோசியர் சொன்னவை. நடுவில் உள்ளதை எடுப்பாக இருக்கட்டும் என்று அவளே சேர்த்தாள். உக்கிரபாண்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லது செய்கிறவர்களுக்கு யாரையும் கேட்கத் தோன்றாது, அவளுக்கும் தோன்றவில்லை.

விஜயரங்கன் படித்தார். மறுபடி படித்தார். "மதுரைக்காரன் இவனக் கூப்பிட்டானா?" என்றார்.

"கூப்பிடாம இருப்பாகளா அண்ணாச்சி?"

"மூணு வருசத்துக்குப் போடு ஒப்பந்தத்த. இன்னைக்கே போடு."

செண்பகவல்லி அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள். ஒரு முதலாளியை, ஒரு கணினியை, ஒரு லீக்கை ஒரே பக்கத்தில் மடக்கியவள் சிரிக்காமல் என்ன செய்வாள்.

ஊர் அந்த அறிக்கையைப் படித்தது. ஊரைவிடக் கவனமாக வீரர்கள் படித்தார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சியில் உக்கிரபாண்டிக்கு யாரும் வில்லையைத் தள்ளவில்லை. அவன் பக்கத்தில் வந்தாலே பாதையை விட்டு ஒதுங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்ததும் மலர்வேந்தனுக்குக் கைகழுவுகிற ஞாபகம் வந்தது. கழுவப் போனவன் அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு உக்கிரபாண்டி அவளைத் தேடி வந்தான்.

"வேல தங்கிருச்சுக்கா. எங்க அண்ணன்ட்ட சொன்னேன், அழுதுட்டான். நீங்க நல்லா இருக்கணும்." சொல்லிவிட்டுப் போகாமல் நின்றான். "ஆனா அந்தப் பாதின்னு எழுதியிருக்கீயள்லா, அத ஏன் எழுதுனீய?"

"சும்மா ஒரு எடுப்புக்கு எழுதினேன்டா. அதையெல்லாம் யாரு நம்புவா?"

"ஜோசியர் சொன்னா எல்லாவனும் நம்புவான்க்கா. இம்புட்டு நாளும் வேணும்னே அடக்கி வச்சிருந்தேன், இனும நெசமாவே முட்டப்போறேன்னு நெனைக்க மாட்டானுவளா? சடையாண்டிக்கு காலையில இருந்து போன் போடுதேன். எடுக்க மாட்டேங்கான்."

"நாளைக்கு மேட்ச்சுக்கு இங்கதானே வாரான். நேருல சொல்லிக்கிடு."

நேரில் சொல்ல முடியவில்லை. மதுரை அணியின் பஸ் தாமதமாக வந்தது, வந்தவர்கள் நேரே உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டார்கள்.

கொட்டகையில் அன்று உட்கார இடமில்லை. உக்கிரபாண்டி காட்டாத மீதிப் பாதியைப் பார்க்க ஊரே கம்பளியோடு வந்திருந்தது. பதினோராவது நிமிடத்தில் இரண்டு அணியும் நாலாம் வரிசையை இறக்கின. வில்லை வடக்கு மூலைக்கு ஓடியது. உக்கிரபாண்டி ஒரு பக்கமிருந்தும் சடையாண்டி ஒரு பக்கமிருந்தும் அதைத் துரத்தினார்கள். மேலே கண்ணாடி அறையில் செண்பகவல்லி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சடையாண்டியின் மிரட்சி எண் எழுபதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, தொண்ணூற்றேழில் போய் நின்றது. லீக் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஓர் எண் பதிவானதில்லை. பட்டைதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். அவ்வளவு பயந்தவன் ஒதுங்கத்தானே வேண்டும், இவன் ஏன் முன்னால் வருகிறான்?

உக்கிரபாண்டி வழக்கம்போல் பலகையை நோக்கித் தோளைத் திருப்பினான். சடையாண்டி பலகையைப் பார்க்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நண்பனின் விலாவில் முழு உடம்போடு போய் மோதினான். பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. அதனால் அடி விழுந்ததே ஜனங்களுக்குச் சற்று நேரம் புரியவில்லை. உக்கிரபாண்டி எழுந்திருக்காததைக் கண்டபிறகுதான் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். செண்பகவல்லி படிக்கட்டில் இறங்கி ஓடினாள். ஓடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதைச் செய்தது தன் கைதான் என்று.

மூன்று விலா எலும்பும் வலது தொடை எலும்பும் முறிந்திருந்தன. இனி ஆட முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விஜயரங்கன் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"நல்ல சேதிடே உக்கிரம்! செண்பகம் இங்க உக்காந்திருக்கவும் நானே ஆபீஸ்ல உள்ள பையனவிட்டு ஜோசியர்ட்ட கேக்கச் சொன்னேன். நீ களத்துல எறங்கவே வேண்டாம். சட்டையப் போட்டுக்கிட்டு, கட்டோட, பெஞ்சு ஓரமா உக்காந்து மொறச்சுக்கிட்டே இருந்தா போதும். ஒம்போது மேட்ச்சு கூட ஜெயிக்கோம்! புது வீடு கட்டுத எடத்துல திருஷ்டிப் பொம்மை கட்டி விடுதாம்லா, அது மாதிரி. டீம்லயே இப்ப நீதான்டே ஒசந்த ஆளு. எம் மருமவனே ஒனக்கு ரெண்டு படி கீழதான்."

உக்கிரபாண்டி சிரித்துவிட்டான். சிரித்ததில் விலா வலித்துக் கண்ணில் நீர் வந்தது. முதலாளி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

அவர் போனதும் செண்பகவல்லி உடைந்து அழுதாள். "நான் எழுதினதுதான்டா உன்ன இங்க படுக்க வச்சது. ஒரே ஒரு வரி. ஒங்கிட்ட கேட்டிருந்தா நீயே வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"விடுங்கக்கா. வேலைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. தகட்டுக்குப் போக வேண்டியதில்ல." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "சடையாண்டி பயந்தானாக்கா?"

"பயந்தான்."

"எவ்ளோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அவன் விஷயத்தில் இட்டுக்கட்டியது போதும் என்று இருந்தது. "தொண்ணூத்தேழு."

"என்னயப் பாத்தா?" என்றான் உக்கிரபாண்டி. அவன் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. யாரோ ஊர் பேர் தெரியாதவனைப் பற்றிச் சொன்ன மாதிரிக் கேட்டுக்கொண்டான்.

அப்போது வாசலில் ஆள் நிழல் தட்டியது. சடையாண்டி நின்றுகொண்டிருந்தான். நேற்றைய சட்டையே போட்டிருந்தான், இரவெல்லாம் தூங்காத கண். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

உக்கிரபாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே, வாலே," என்று இடது கையைத் தூக்கி அவனைக் கூப்பிட்டான்.

கை எழுந்ததும் சடையாண்டி விலுக்கென்று பின்னால் நகர்ந்தான். மார்பின் குறுக்கே அவன் முழங்கை தானாக ஏறி மறைத்துக்கொண்டது. தான் செய்தது தெரிந்ததும் அவன் கூனிக் குறுகிப் போனான், ஆனாலும் முழங்கையை இறக்க அவனால் முடியவில்லை.

உக்கிரபாண்டி தூக்கிய கையை மெதுவாக இறக்கினான். அதைப் போர்வைக்குள் கொண்டுபோய்த் தன் உடம்புக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

"உள்ள வந்து உக்காருலே," என்றான். "நான் அசைய மாட்டேன்."